காலையில் மடங்காத விரல்கள்

தூங்கி எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கின்றன. சட்டைப் பொத்தான் போட ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. 'வேலை அதிகம், அதனால்தான்' என்று பல பெண்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இந்த அறிகுறியைத்தான். அந்த மாதங்கள் மிக முக்கியமானவை. இது முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கலாம். அதில் எலும்பு அரிப்பு ஆரம்பத்திலேயே தொடங்கிவிடக்கூடும், அரித்த எலும்பு பழையபடி திரும்பாது.

இது வயதாகி மூட்டு தேய்வதல்ல. தேய்மான வலி உழைக்க உழைக்கக் கூடும். முடக்குவாதமோ ஓய்வில் இறுகி, அசைக்க அசைக்கத் தளரும். பெரும்பாலும் இரு கைகளிலும் ஒரே மாதிரி வரும். விரல்களின் அடி மூட்டும் நடு மூட்டும் வீங்கும், நகத்தை ஒட்டிய மூட்டு பொதுவாகத் தப்பிவிடும்.

மூட்டின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மூட்டு வழுக்கி அசைவதற்கான திரவத்தைச் சுரப்பது அதுதான். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள் வழிதவறி அந்தச் சவ்வில் குவிகின்றன. டிஎன்எஃப் போன்ற புரதங்களைச் சுரந்து அழற்சியை மூட்டுகின்றன. சவ்வு தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, எலும்பை அரிக்கிறது. சிலருக்கு வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் ஆன்டி-சிசிபி என்ற எதிர்ப்பொருள் தென்படும்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்நோய் 2 முதல் 3 மடங்கு அதிகம். ஆனால் கர்ப்ப காலத்தில் பலருக்கு வலி குறைந்துவிடுகிறது! அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹெஞ்ச் இதைக் கவனித்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒன்று நோயை அடக்குகிறது என்று நினைத்துத் தேடினார். 1948 செப்டம்பரில், நடக்கவே சிரமப்பட்ட 29 வயதுப் பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் நடந்தார். 1950-இல் நோபல் பரிசும் வந்தது. அப்புறம்தான் நீண்டகாலம் கொடுத்தால் வரும் பக்கவிளைவுகள் தெரிந்தன. அதனால் இன்று ஸ்டீராய்டு, மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்கிப் பிடிக்கும் குறுகிய காலத் துணை மட்டுமே.

முதன்மை மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தவறி தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலமும் தருவார்கள். போதவில்லை என்றால் டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசிகள் உண்டு. உறங்கிக் கிடக்கும் காசநோயை அவை எழுப்பிவிடலாம் என்பதால் முன்கூட்டியே பரிசோதனை அவசியம்.

மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், கருத்தரிக்கச் சில மாதங்கள் முன்பே அதை நிறுத்த வேண்டும். அதற்காகச் சிகிச்சையே இல்லாமல் தவிக்க வேண்டியதில்லை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் இரண்டையும் கர்ப்ப காலத்திலும் தொடரலாம். பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் நோய் மீண்டும் சீறுவது சகஜம். கைக்குழந்தையைத் தூக்க வேண்டிய கைகள் அப்போதுதான் வீங்கும் என்பதால், அந்த வாரங்களுக்கான மருந்தை, தாய்ப்பாலுக்கு ஏற்றதா என்று பார்த்து, பிரசவத்துக்கு முன்பே மருத்துவரோடு பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.