விரிந்து வேகம் தணிக்கும் கவசம்

தாழ்ந்த புவிச் சுற்றுப்பாதையில் உள்ள ஒரு பொருள் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதைத் தரையிறக்க வேண்டுமானால், ஒவ்வொரு கிலோகிராமுக்கும் சுமார் 30 மெகாஜூல் இயக்க ஆற்றலைக் கழித்தாக வேண்டும். எரிபொருளை எரித்தே இதைச் சாதிக்க முயன்றால், சுமையைப் போலப் பல மடங்கு எடையுள்ள எரிபொருளையும் மேலே கொண்டுசெல்ல நேரும் என்பதால், அந்த வேலை காற்றிடம் விடப்படுகிறது. அதற்கு உதவும் ஒரு புதிய வழிதான், காற்றடைத்து விரிக்கும் வெப்பக் கவசம்.

காற்று எந்த உயரத்தில் அவ்வேலையைச் செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எடைக்கு ஏற்ற முகப்புப் பரப்பு இல்லாத கலம், வேகம் குறையாமலேயே அடர்ந்த காற்றுக்குள் பாய்ந்து கடும் வெப்பத்தைச் சந்திக்கிறது. அதே எடை அகன்ற முகப்புடன் இறங்கினால், காற்று மெலிந்திருக்கும் உயரத்திலேயே பெரும்பகுதி வேகத்தை இழந்துவிடும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்க வேண்டிய வெப்பமும் குறையும். முகப்பு மழுங்கியிருப்பதால், கலத்தின் முன்னே காற்று அழுந்தி உருவாகும் அதிர்ச்சி அலை சற்று விலகி நிற்க, வெப்பத்தின் பெரும்பங்கு கலத்தைத் தொடாமல் காற்றோடு போய்விடுகிறது.

ஆனால் முகப்பில் பொருத்தும் வழக்கமான விறைப்பான கவசம், ராக்கெட்டின் உச்சியில் சுமையை மூடியிருக்கும் மூக்குக் கூட்டுக்குள் அடங்கியாக வேண்டும். அதன் விட்டம் பெரும்பாலும் 5 மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. காற்றடைக்கும் கவசமோ மடித்து ஏற்றப்பட்டு விண்வெளியில் விரிகிறது. உறுதியான இழைகளால் பின்னிய வளையங்கள் படிப்படியாக அகன்று ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, வார்களால் பிணைக்கப்பட்டு, நைட்ரஜன் நிரம்பியதும் மழுங்கிய கூம்பாக விறைக்கின்றன. அதன்மேல் சிலிக்கன் கார்பைடு துணி, வெப்பத்தைத் தடுக்கும் அடுக்குகள், வாயு ஊடுருவாத படலம் ஆகியவை போர்த்தப்படுகின்றன. உள்ளழுத்தம் குறைந்து வடிவம் குழிந்தால் அந்த இடத்தில் வெப்பம் குவியும் என்பதால், வாயுவைக் காப்பதும் வெப்பத்தைத் தடுப்பதைப் போலவே முக்கியம். அகலம் வெப்பத்தைக் குறைப்பதால்தான் துணி தாங்குகிறது. துணியாக இருப்பதால்தான் அந்த அகலமே கைகூடுகிறது. இத்தொழில்நுட்பத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பொருத்தமே.

2022 நவம்பர் 10 அன்று நாசா 6 மீட்டர் விட்டமுள்ள ‘லாஃப்டிட்’ கவசத்தைச் சுற்றுப்பாதையிலிருந்து இறக்கியது. மணிக்கு 29,000 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் 130 கிலோமீட்டருக்கும் கீழே தணிந்த பின்னர், பாராசூட்டின் துணையோடு அது பசிபிக் பெருங்கடலில் இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று, தும்பாவிலிருந்து ஏவிய ரோகிணி ஆய்வு ராக்கெட்டில் இஸ்ரோவும் கெவ்லர் என்ற உறுதியான செயற்கை இழைத் துணியாலான இத்தகைய அமைப்பொன்றை 84 கிலோமீட்டர் உயரத்தில் விரித்துச் சோதித்தது. அது சுற்றுப்பாதையை எட்டாத பயணம் என்பதால் வேகமும் வெப்பமும் மிகக் குறைவு.

செவ்வாயில்தான் இதன் தேவை கூடுதல். அங்கே தரைமட்டக் காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. சுமார் ஒரு டன் எடையுள்ள பெர்சிவரன்ஸ் ஊர்திக்கே 4.5 மீட்டர் விட்டமுள்ள கவசம் வேண்டியிருந்தது. மனிதர்கள் தங்குவதற்கான பல டன் சுமைகளை இறக்க, எந்த மூக்குக் கூட்டுக்குள்ளும் அடங்காத அகலம் தேவைப்படும்.