நுணல் வாயைத் திறப்பதில்லை

‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பது பழமொழி. மண்ணில் மறைந்து வாழும் தவளை கத்தியே பிடிபடுகிறது என்பது கூர்மையான கவனிப்புத்தான். ஆனால் கத்தும்போது அது வாயைத் திறப்பதே இல்லை. வாயையும் மூக்குத் துளைகளையும் மூடிக்கொண்டு, நுரையீரல் காற்றைக் குரல்நாண்களின் வழியே தொண்டைப் பைக்குத் தள்ள, பலூனாக உப்பும் அப்பை ஒலியைத் தொலைவுக்குப் பரப்புகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கொங்குச் சமவெளியில், காடு என்றால் பெரும்பாலும் வனமன்று, மானாவாரி நிலம். அந்தக் காட்டு மண்ணில்தான் வளை தோண்டும் தவளை வறண்ட மாதங்களைக் கழிக்கிறது. பின்னங்கால் அடியிலுள்ள கெட்டியான புடைப்பு அதற்கு மண்வெட்டி; கால்களை மாறி மாறி உதைத்து, முகம் மேலே பார்க்கப் பின்புறமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். தவளைகள் தண்ணீரை வாயால் குடிப்பதுமில்லை. அடிவயிற்றுத் தோலும் தொடைத் தோலும் ஈர மண்ணிலிருந்தே நீரை உறிஞ்சுகின்றன.

சித்திரை, வைகாசியில் கோடை மழையோ, ஐப்பசியில் பருவமழையோ வலுத்துப் பெய்யும் இரவில் அது வெளியேறிக் குட்டையை நோக்கி நகர்கிறது. (வட அமெரிக்கப் பாலைநிலத் தவளைகள் சிலவற்றை, மழை தரையில் அறையும் அதிர்வே எழுப்புகிறது என்று சோதனைகள் காட்டியுள்ளன.) அதே குட்டைக்குப் பெருந்தவளைகளும் வருகின்றன, அவற்றின் ஆண்கள் அந்நாட்களில் பளிச்சென்ற மஞ்சளாக மாற, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் உப்பி நிற்கும். பெண் முட்டைகளை நீரில் விட, முதுகைப் பற்றியிருக்கும் ஆண் அவற்றின் மீது விந்தைச் சொரிகிறது.

ஆண்டெல்லாம் நீருள்ள ஏரியையோ வாய்க்காலையோ விட்டு, சில வாரங்களில் வற்றும் குட்டையைத் தேடுவானேன்? வற்றும் குட்டையில் மீன் நிலைப்பதில்லை. முட்டைக்கும் தலைப்பிரட்டைக்கும் மீனே பெரும் பகை. வட அமெரிக்காவின் புள்ளிச் சாலமாண்டர்கள் (பல்லி போல் தோன்றும், தவளையின் உறவினங்கள்) வசந்தத்தின் முதல் மழை இரவுகளில் வனக் குட்டைகளுக்கு ஊர்ந்து செல்வதும் இதே கணக்கில்தான்.

குட்டை தரும் தவணையோ குறுகியது. பெருந்தவளையின் தலைப்பிரட்டைகள் தம்மிலும் சிறியவற்றைத் தின்பவை. ஆகவே பிந்திப் பொரிப்பவை, முந்திப் பொரித்தவற்றுக்கு இரையாகலாம். எல்லாம் ஓரிரு இரவுகளில் கூடிக் கத்தித் தீர்ப்பதற்கு இந்த அவசரமே காரணம். பாம்புக்கும் அக்குரல் கேட்கும். கத்தாத ஆணுக்கோ துணை அமைவது அரிது.

நீர் வற்ற வற்றத் தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கிறது. வால் முழுதும் கரைவதற்குள் கரையேறும் குஞ்சு, ஈரமுள்ள மண்ணாகப் பார்த்துப் பின்புறமாக இறங்கத் தொடங்குகிறது.