கதை எழுதாமல் ஓர் உலகம்: சாண்ட்பாக்ஸ் ஆட்டம் இயங்கும் விதம்

செங்கோட்டையிலிருந்து மலையைத் தாண்டப் புளியரை, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவுக் கணவாயில் ஏறித் தென்மலைக்கு இறங்கலாம். அல்லது பண்பொழி, மேக்கரை வழியாகக் காட்டுக்குள் புகுந்து அச்சன்கோவில் போகலாம். முதல் வழியில் வண்டிகளும் சோதனைச் சாவடியும். இரண்டாவதில் யானை நடமாட்டம். இவ்வளவாவது தெரிந்தால்தான் ‘எந்த வழி?’ என்று கேட்பதில் பொருள் இருக்கிறது. ஒன்றுமே சொல்லாமல் இடமா வலமா என்று கேட்டால் அது காசு சுண்டிப் பார்ப்பதுதான்.

மாயாஜாலக் கதாபாத்திர விளையாட்டுகளில் சாண்ட்பாக்ஸ் எனப்படும் முறை முழுவதும் இந்தக் கேள்வியின் மேல் நிற்கிறது. மேசையைச் சுற்றி நான்கைந்து பேர். ஒருவர் உலகத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அதற்குள் நடமாடுவார்கள். இந்த வகையில் முதலில் அச்சாகி வெளிவந்தது கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆண்டு 1974. இன்று பலரும் ஆடுவது, நடத்துபவர் முன்பே கதை அமைத்து ஆட்டக்காரர்களை அதன் வழியே அழைத்துச் செல்லும் முறை. சாண்ட்பாக்ஸில் அமைத்த கதை கிடையாது. இடங்கள், ஆட்கள், அவர்களுக்குள் இருக்கும் பகை, பசி ஆகியவை மட்டுமே உண்டு. எங்கே போவது என்பதை ஆடுபவர்கள் தீர்மானிப்பார்கள்.

கதை இல்லையென்றால் அவர்கள் ஏன் வீட்டைவிட்டு நகர வேண்டும்? பழைய விதியில் இதற்கு நல்ல விடை இருந்தது. ஆபத்தான இடத்திலிருந்து மீட்டு வந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் பாத்திரத்தின் வலிமை கூடும். யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை. புதையல் பற்றிய ஒரு வதந்தி போதும்.

வரைபடத்தை அறுகோணக் கட்டங்களில் வரைவது வழக்கம். சதுரக் கட்டத்தில் மூலைவிட்டமாக நகர்ந்தால் நேர் நகர்வைப்போல ஏறக்குறைய 1.41 மடங்கு தூரம் ஆகிவிடும். அறுகோணத்தில் ஆறு திசைகளிலும் அடுத்த கட்டத்தின் மையம் ஒரே தொலைவில் இருக்கும். ஒரு கட்டத்துக்கு ஆறு மைல், அதாவது பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று கொள்பவர்கள் பலர். நான் நடத்தும் ஆட்டத்தின் வரைபடத்தில் கிழக்கே ஓர் அரசு, மேற்கே ஓர் அரசு, நடுவில் மலை. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். எல்லை இடம் மாறும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இனி நேரம். என் கணிப்பில் சாண்ட்பாக்ஸின் இதயம் இதுதான். காட்டில் நாளுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடை உருட்டி, ஒன்று விழுந்தால் ஏதோ ஒன்று எதிர்ப்படும் என்று வையுங்கள். ஒரு நாளில் அந்த வாய்ப்பு ஆறில் ஒன்று, சுமார் 17 சதவீதம். நான்கு நாள் நடந்தால், ஒருமுறையாவது எதிர்ப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 52 சதவீதம். ஆகவே, காட்டுவழி சாலையைவிட இரண்டு நாள் கூடுதல் என்றால், அந்த இரண்டு நாளுக்கும் ஒரு விலை வந்துவிடுகிறது. அரிசியும் தீர்கிறது. ஆட்டக்காரர்கள் தாமாகவே கணக்குப் போட்டு வாதாடத் தொடங்குவார்கள்.

எதிர்ப்படுவது எல்லாமே சண்டையாக வேண்டியதில்லை. இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டி, எதிரே வருபவரின் மனநிலையை அறியும் பழைய அட்டவணை ஒன்று உண்டு. 2 விழுந்தால் உடனே தாக்குதல். 12 விழுந்தால் உற்ற நட்பு. 36 சேர்க்கைகளில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வழிதான். 6 முதல் 8 வரை விழுந்தால் தயக்கம், அதற்கு 16 வழிகள். அதாவது, ஏறக்குறைய 44 சதவீத வாய்ப்பில் எதிரில் இருப்பவர் தயங்கித்தான் நிற்பார். அந்தத் தயக்கத்தில்தான் பேச்சு பிறக்கிறது. “அண்ணாச்சி, எங்களிடம் மிளகு இல்லை, உப்புத்தான் இருக்கிறது” என்று ஒருவர் கொள்ளைக்காரனிடம் சொன்னதில் தொடங்கிய வணிகம் எங்கள் ஆட்டத்தில் இன்னும் நடக்கிறது.

பகடை விழுந்தபின் நடத்துபவர் மறைவாக எண்ணை மாற்றும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆட்டக்காரர்கள் போட்ட கணக்கு முழுவதையும் அது பொய்யாக்கிவிடுகிறது.

உலகமும் சும்மா இருக்கக் கூடாது. எங்கள் நாட்காட்டியில் ஆனியில் சாரல் பிடிக்கும், ஆடியில் ஆறு பெருகி மூங்கில் பாலம் போய்விடும், ஆவணியில் சுங்கத் தலைவன் எஞ்சிய ஒற்றைப் பாதையைக் கைப்பற்றி வரியை இரட்டிப்பான் என்று எழுதியிருந்தது. யாரும் தலையிடாவிட்டால் இப்படியே நடக்கும். எங்கள் ஆட்டக்காரர் குழு வைகாசியிலேயே பாலத்தைக் கல்தூண் வைத்துக் கட்டிவிட்டது. ஆவணி வரிக்கு அடித்தளமே போயிற்று. சுங்கத் தலைவனுக்குக் கடன் ஏறியது. அவன் மேற்கு அரசனிடம் ஆள் அனுப்பினான். பாலம் கட்டியபின் நடந்த இது எதையுமே நான் முன்பே யோசித்ததில்லை.

இத்தனைக்கும் உலகம் முழுவதையும் எழுதி வைக்க வேண்டுமா என்று புதிதாக நடத்துபவர்கள் அஞ்சுகிறார்கள். வேண்டாம். ஓர் ஊர், அதைச் சுற்றி ஆறு கட்டங்கள், மூன்று வதந்திகள் போதும். வதந்திகளில் ஒன்று பாதி பொய்யாக இருக்கலாம். ஒவ்வோர் அமர்வும் முடியும்போது, அடுத்த முறை எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திசையை மட்டும் வாரத்துக்குள் தயார் செய்தால் போதும்.