கௌதாரி முட்டையும் குளத்து மட்டியும்

குமரி மாவட்டத்தில் மட்டி என்றதும் வாழைப்பழம்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது குளத்துச் சேற்றில் பாதி புதைந்து வாழும் நன்னீர் மட்டி. லேமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஆரல்வாய்மொழிப் பக்கத்து வறண்ட முட்புதர் நிலம் போன்ற இடங்களை விரும்பும் கௌதாரிக்கும் அதற்கும் உறவு ஏதும் இல்லை என்றே தோன்றும். ஆனால் கௌதாரி முட்டையின் ஓடும் மட்டியின் ஓடும் ஒரே பொருளால், அதாவது கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. முட்டையோட்டில் அது கால்சைட் படிகமாகவும், மட்டியின் உட்புறத்துப் பளபளப்பான முத்துப்பூச்சில் அரகோனைட் படிகமாகவும் அமைந்திருக்கிறது.

பறவைக்கு அவசரம் அதிகம். கோழியின் உடலில் முட்டையின் ஓடு முழுமையடைய ஏறத்தாழ 20 மணி நேரமே ஆகிறது. அவ்வளவு கால்சியத்தை அன்றைய இரையிலிருந்து மட்டும் பெற முடியாது என்பதால், முட்டையிடும் பருவத்தில் பெண் பறவைகளின் கால் எலும்புக் குழிக்குள் ஒரு தற்காலிக எலும்புத் திசு வளர்ந்து, தேவைப்படும்போது கரைந்து கொடுக்கிறது. மட்டிக்கோ நேரம் ஏராளம். அதன் உடலைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வு, நீரிலும் உணவிலும் கிடைக்கும் கால்சியத்தை ஆண்டுக்கணக்கில் படலம் படலமாகப் பூசுகிறது.

இரண்டு ஓடுகளையும் வெறும் கவசம் என்று நினைப்பது போதாது. அவை சேமிப்புக் கிடங்குகளும்கூட. முட்டைக்குள் வளரும் கரு, ஓட்டின் உட்புறத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தன் எலும்புகளை உறுதியாக்கிக்கொள்கிறது. பொரித்த சிறிது நேரத்திலேயே தாயின் பின்னால் ஓட வேண்டிய கௌதாரிக் குஞ்சுக்கு அந்தக் கால்சியம் இன்றியமையாதது. கரைந்து மெலிந்த ஓட்டை அலகால் உடைப்பதும் எளிதாகிவிடுகிறது.

மட்டியின் கதை இதைவிட நுட்பமானது என்பது என் எண்ணம். கோடையில் குளம் வற்றும்போது அது சேற்றுக்குள் இறங்கி ஓட்டின் இரு பாதிகளையும் இறுக மூடிக்கொள்கிறது. உள்ளே ஆக்சிஜன் குறைந்ததும், ஆக்சிஜன் இல்லாமலேயே ஆற்றல் பெறும் வழிக்கு உடல் மாறுகிறது. அதன் விளைவாக அமிலங்கள் சேர்கின்றன. அந்த அமிலத்தை முறிக்க மட்டி தன் ஓட்டின் உட்பரப்பையே கரைத்துக் கார்பனேட்டை எடுத்துக்கொள்கிறது. தாய் கட்டிய ஓட்டிலிருந்து குஞ்சு எடுப்பது திரும்பிச் சேர்வதில்லை. மட்டியோ மழை பெய்து குளம் பெருகியதும் வாய் திறந்து, கரைந்துபோன இடத்தில் மறுபடியும் பூசத் தொடங்குகிறது.