மாம்பூவில் மருந்து அடித்தால் பிஞ்சு எப்படிப் பிடிக்கும்?

தை மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர், ஜெகதேவி, பர்கூர் பக்கம் மாம்பூ வாசனையோடு மருந்து நெடியும் வீசும். பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர், பூ கொட்டிவிடுமோ என்ற பயத்தில் வாரம் ஒருமுறை அடிக்கிறார். பங்குனியில் பார்த்தால் வெறும் காம்புதான் நிற்கிறது.

ஒரு பூங்கொத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பூக்களில் பல ஆண்பூக்களே. நடுவில் வெளிர்மஞ்சளாக ஒரு குட்டி உருண்டை இருந்தால்தான் அது காயாகும் பூ. மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றை நம்பிப் பயனில்லை. அதைச் சுமப்பவை பெரும்பாலும் ஈக்கள்: பச்சையாக மினுங்கும் ஈ, அந்தரத்தில் நிற்கும் மலர் ஈ. கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் துணைக்கு வரும். மாம்பூவின் தேன் ஆழமில்லாமல் மேலேயே இருப்பதால் ஈயின் குட்டை வாய்க்கும் எட்டுகிறது. வெயில் ஏறும்போது மகரந்தப்பை வெடிக்கும். ஈக்கள் மும்முரமாக இருப்பதும் அப்போதுதான், பவர் ஸ்பிரேயர் ஓடுவதும் அப்போதுதான்.

சந்தேகம் இருந்தால், மொட்டாக இருக்கும் நான்கு பூங்கொத்துகளுக்கு மட்டும் ஈயும் தேனீயும் நுழையாதபடி கொசுவலைத் துணியைக் கட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்து மற்றவற்றோடு பிஞ்சுகளை எண்ணிப் பாருங்கள்.

மாம்பூவைத் தாக்கும் தத்துப்பூச்சி சாதாரண எதிரி அல்ல. பூக்காம்புக்குள் முட்டை வைத்துச் சாறு உறிஞ்சும். அதன் கழிவான தேன்துளியில் கரும்பூசணம் படரும். அதனால் மருந்தே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். தேவைப்பட்டால் பூங்கொத்து நீண்டு மொட்டு விரியாத நிலையில் ஒருமுறை, பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் ஒருமுறை அடிக்கலாம். இடையில் பூச்சிமருந்து கூடாது. பூவில் சாம்பல் நோய் தெரிந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். அதையும் சாயங்காலம் அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் பூ கருகும். 'ஒரே வேலையாகப் போகட்டும்' என்று அதோடு பூச்சிமருந்தைக் கலப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு.

சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் பொறிவண்டும் சிலந்தியும் சேர்ந்தே சாகும். இலைப்பேனும் மாவுப்பூச்சியும் சில வாரங்களில் பெருகிவிடும்; அவற்றைத் தின்னும் பூச்சிகள் மெதுவாகத்தான் திரும்பும். அந்த இடைவெளியில்தான் கடைக்காரர் இன்னும் வீரியமான புட்டியை நீட்டுகிறார்.

மாம்பூ இருப்பது இரண்டு மாதம். மற்ற மாதங்களில் தேனீக்கும் ஈக்கும் சாப்பாடு வேண்டுமே! தும்பையும் வெட்டுக்காயப்பூண்டும் அதற்குத்தான் உதவுகின்றன. களைக்கொல்லி அடித்தால் அதுவும் போச்சு. களை தண்ணீரைக் குடிக்கும் என்ற கவலை மானாவாரித் தோப்பில் நியாயமானதே. மரத்தடி வட்டத்தை மட்டும் செதுக்குங்கள்; வரிசைக்கு நடுவே இருப்பதைப் பூத்து முடிந்ததும் அறுத்து மூடாக்காகப் போடுங்கள். வேலியோரம் புங்கனும் முருங்கையும் இருக்கட்டும்.

அடுத்த முறை தோப்பைக் குத்தகைக்கு விடும்போது, பூ மலர்ந்திருக்கும் நாள்களில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.