பெட்டை கூவினால் கத்தியைத் தேடாதீர்கள்

சென்ற ஆடியில் ஒரு நாள் காலை, வயதான அம்மா ஒருவர் கட்டைப்பையில் கோழியோடு எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தார். கோழி நன்றாக இரை எடுக்கிறது, கழிச்சல் இல்லை, கண்ணும் தெளிவாக இருக்கிறது. “மூன்று நாளாக விடியற்காலையில் சேவல் மாதிரி கூவுகிறது ஐயா. குடும்பத்துக்கு ஆகாது, இன்றைக்கே அறுத்துவிடு என்கிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை வைக்கிற கோழி” என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அந்த முட்டைதான் அவருடைய சிறுவாட்டுப் பணம்.

நான் முதலில் கேட்டது, “உங்கள் வீட்டுச் சேவல் எங்கே?” என்றுதான். நேர்ந்துவிட்ட சேவல், பத்து நாளைக்கு முன்பு கோயில் கொடையில் அறுத்துவிட்டார்கள். விடை அதிலேயே இருந்தது.

கோழிக்கூட்டத்தில் யார் முதலில் கொத்துவது, யார் விலகிப்போவது என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஷெல்டெரூப் எப்பே 1920களிலேயே இதைக் கவனித்து எழுதினார். சேவல்களிலும் மூத்த இடத்தில் இருப்பதுதான் விடியலில் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி தொடரும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். சேவல் போனபின் அந்த இடம் காலியாகிறது. கூட்டத்தில் துணிச்சலான பெட்டை அங்கே போய் நிற்கிறது. சில சமயம் கூவவும் செய்கிறது. அதன் உடலில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த அம்மாவிடம் ஓர் இளம் சேவல் வாங்கி விடச் சொன்னேன். மூன்று வாரத்தில் கூவல் நின்றது.

எல்லாக் கோழிக்கும் கதை இப்படி முடிவதில்லை. ஐந்து வயதுக் கோழி ஒன்றை இன்னொரு வீட்டில் பார்த்தேன். பொங்கலுக்குப் பின் அது முட்டையே வைக்கவில்லை. கொண்டையும் தாடியும் தடித்திருந்தன. இறகு உதிர்ந்து புதிதாக முளைத்தபோது கழுத்து இறகு நீண்டு கூர்மையாக வந்தது, வாலில் சேவலைப் போல வளைந்த இறகுகள். சில மாதம் கழித்து அது இறந்தபின் அறுத்துப் பார்த்தோம். முட்டைக்கரு உருவாகும் உறுப்பான சூலகத்தில், இடப்பக்கம் கட்டி இருந்தது.

பெட்டைக்கோழிக்கு இயல்பாக இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்ந்து வேலை செய்யும். வலப்பக்கம் இருப்பது வளராத எச்சம். கட்டியாலோ தொற்றாலோ இடது சூலகம் கெட்டால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் இயக்குநீர் (ஹார்மோன்) குறைந்துவிடும். அப்போது அந்த எச்சம் சேவலின் விரைபோல வளர்ந்து ஆண் இயக்குநீரைச் சுரக்கக்கூடும். பகட்டான சேவல் இறகு வளராமல் தடுத்து வைத்திருந்ததும் ஈஸ்ட்ரோஜன்தான். கிழப் பெண்மயிலுக்குச் சில நேரம் தோகை முளைப்பதற்கும் காரணம் இதுவே. ஆனாலும் மரபணுவில் அந்தக் கோழி பெட்டையாகவே இருக்கிறது.

இன்று சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகரில் 1474இல் ஒரு சேவல் முட்டையிட்டது என்று விசாரணை நடத்தி, அதை எரித்தே விட்டார்கள். சேவல் இறகு முளைத்த பெட்டையாக அது இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பயம் எந்த ஊருக்கும் பொதுவானது. நம் ஊரில் வருத்தம் என்னவென்றால், கோழி கூவினால் பழி அதை வளர்க்கும் பெண்ணின் மேல் விழுகிறது. “பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா” என்ற பழமொழியைக் கோழிக்காக யாரும் சொல்வதில்லை. கூவிய கோழியால் கெட்ட குடும்பம் ஒன்றைக்கூட என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. நல்ல முட்டைக்கோழியை அறுத்துவிட்டு இழப்போடு நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

முட்டையிட்டதும் கொக்கரிப்பதைக் கூவல் என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று நான்கு மாதக் குஞ்சு கூவினால், பெட்டை என்று சொல்லி உங்களுக்குச் சேவலை விற்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். வளர்ந்த கோழி என்றால் முட்டை வைக்கிறதா என்று பாருங்கள். கழிவாய்க்கு இருபுறமும் தட்டுப்படும் எலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழைந்து, கழிவாய் ஈரமாக இருந்தால் அது முட்டைக்கோழி. கூவினாலும் கவலை வேண்டாம். காலில் முள் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், வயதான பெட்டைக்கும் முள் வளரும். அக்கம்பக்கத்தார் சத்தத்தைச் சொல்லிக் குறைப்பட்டால், இரவில் வெளிச்சம் புகாத கூட்டில் அடைத்து, விடிந்து சற்று நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள்.

முட்டையும் நின்று, கொண்டையும் பெருத்து, வயிறு வீங்கி, கோழி நிமிர்ந்து தள்ளாடி நடந்தால் தாமதிக்காதீர்கள். கடையில் யாரோ சொன்ன ஹார்மோன் ஊசியைப் போடாதீர்கள். கெட்ட சூலகத்தை அது சீராக்காது. நோயுற்று இறந்த கோழியைச் சமைக்கவோ நாய்க்குப் போடவோ வேண்டாம். சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். உயிரோடு இருக்கும்போதே அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவருவது நல்லது. வரும்போது, கடைசியாக முட்டை வைத்தது எந்த நாள், வீட்டில் சேவல் இருக்கிறதா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். நான் முதலில் கேட்பது அவற்றைத்தான்.