மொசைக்: தரையா, ஓவியமா?

தமிழ்நாட்டில் ‘மொசைக்’ என்றால் தரை. சிமென்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து பரப்பி, இறுகிய பிறகு மெஷின் வைத்துத் தேய்த்துப் பாலீஷ் போட்ட தரை. ‘மொசைக் போட்ட வீடு’ என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அந்தத் தரைக்குப் பெயர் டெராசோ. மொசைக் என்பது கல், கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் பதித்து உருவம் எழுப்பும் கலை.

குழப்பம் வந்ததில் ஆச்சரியமில்லை, இரண்டும் அக்கம்பக்கத்துத் தொழில்கள். வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலிப் பகுதியில் இரண்டுமே பரம்பரைக் கைவேலை. அங்கே ஸ்பிலிம்பெர்கோ என்ற சிற்றூரில் 1922 முதல் மொசைக் பள்ளி நடக்கிறது. படிப்பு 3 ஆண்டு.

மாணவர் முதலில் பழக வேண்டியது கல் உடைக்க. மரக்கட்டையில் ஓர் உளி, கூர்முனை மேலே பார்க்க நடப்பட்டிருக்கும். அதன்மேல் கல்லைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, இருமுனையும் கூரான சுத்தியலால் நேர்மேலே ஒரு தட்டு. நம் சிற்பிக்குக் கல் கிடக்கும், உளி நகரும். இங்கே உளி அசையாது, கல்தான் திரும்பித் திரும்பி வரும். அந்தச் சுத்தியலுக்கு மார்தெல்லினா என்று பெயர். உடைந்து விழும் துண்டு ‘டெசரா’. கிரேக்கத்தில் நான்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நான்கு மூலை உள்ளது என்று பொருள்.

அப்புறம் துண்டுகளை வரிசை பிடிப்பது. கன்னத்தின் வளைவுக்கு ஒரு போக்கு, துணி மடிப்புக்கு வேறு போக்கு. வரிசையோட்டம் தப்பினால் நிறம் சரியாக இருந்தும் முகம் முகமாகத் தெரியாது. ராவென்னா நகரின் சான் விதாலே தேவாலயத்தில், 6ஆம் நூற்றாண்டுச் சுவர்களில், இந்த ஓட்டத்தைக் கண்ணால் பின்தொடரலாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘மூசா’ என்றால் கலைத்தேவதை. மியூசிக், மியூசியம் எல்லாம் அவள் வழி வந்தவையே. கலைத்தேவதைகளுக்குரிய வேலைப்பாடு என்ற பொருளில் லத்தீனில் ‘மூசிவும்’ ஆகி, இத்தாலியில் ‘மொசாய்கோ’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், கடைசியில் நம் கூடத்துத் தரைக்கு வந்து சேர்ந்தது. பைபிளில் வரும் மோசேயின் சட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே எழுத்துகள்தான். ஆனால் அதற்கும் இதற்கும் உறவில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஒட்டுச்சித்திரம்’ என்றால் காகிதம் வெட்டி ஒட்டுவதுதான் நினைவுக்கு வரும். ‘பல்வண்ணக்கல் பதிப்போவியம்’ போன்ற நீளச் சொற்களை யாரும் இரண்டாவது தடவை சொல்ல மாட்டார்கள். பாண்டி ஆடிய எல்லோருக்கும் ‘சில்லு’ தெரியும். உடைந்த சிறு துண்டுக்கு அதைவிட நல்ல சொல் இல்லை. ஆகவே என் தேர்வு: டெசராவுக்குச் சில்லு, மொசைக்குக்குச் ‘சில்லோவியம்’, டெராசோவுக்குச் ‘சில்லுத்தரை’.

செடி நோயில் மட்டும் இந்தத் தேடலே தேவைப்படவில்லை. உளுந்து இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஆகும் நோய்க்கும் ஆங்கிலத்தில் மொசைக் என்றுதான் பெயர். நம் ஊரில் அது மஞ்சள் தேமல்.